குசினிக்குள் முளைத்த காடு

ஒக்ரோபர் மழை விட்டிருந்த ஒரு காலையில், பிரான்சின் தென்மேற்கே மரோன் என்கிற கஷ்கொட்டைக் காடுகளுக்கு நடுவில் கிடக்கிற புவாலோன் என்ற ஊரில், தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கவைப்போம் என்று குசினிக்குள் வந்த யோகமலரின் வெறுங்காலில் ஏதோ குளிராகத் தட்டுப்பட, அவள் குனிந்து பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் இரண்டு தரையோடுகளின் இடுக்கில் ஒரு செப் காளான் நின்றது, பாண் நிறத் தொப்பியும் பருத்த வெள்ளைத் தண்டுமாக, வாடகை கட்டி இருக்கிற ஆள் மாதிரி உரிமையோடு நின்றது. கழுவுதொட்டிக்குக் கீழே இன்னொன்று, அரிசி வாளிக்குப் பின்னால் தாயும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம், பின்கதவடியில் ஒரு சோடி. "கோதாரி, நேற்றுத்தானே கூட்டித் துடைச்சனான்," என்றாள் யோகமலர். அவ்வளவுதான். பின்னேரம் வேலையால் வந்து வெட்டிக் கறிவைப்போம் என்று நினைத்துக்கொண்டு, மிதித்துவிடாமல் சுற்றி நடந்து தேத்தண்ணியைப் போட்டாள்.

அந்தக் குசினியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் இவள் ஏன் இப்படிப் பேயாட்டம் ஆடினாள் என்று பிறகு என்னைக் கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில், கடற்கரையோர ஊரொன்றில், அவளுக்கு ஒரு குசினி இருந்தது. ஒருநாள் மத்தியானம் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நிற்கையில் ஆமிச் சப்பாத்துக் கால்கள் உள்ளே வந்தன, ஒரு சொல் கேட்கவில்லை, அங்கே ஒரு பெண் அகப்பையோடு நிற்கிறாள் என்பதையே காணாதவர்களாக அவளைச் சுற்றி நடந்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், ஒருவன் குனிந்து அடுப்பை அணைத்தான். பொரியல் பாதியில் கிடக்க வெளியே வந்தவள்தான், இன்றுவரை அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. பிறகு பாரிசில், ஒரு வீட்டுக்குள் பல குடும்பம், ஒரே அடுப்பு, முறைவைத்துச் சமையல், உன்ர பால் பொங்குது, என்ர கறி அடிப்பிடிக்குது என்று தினம் ஒரு கொழுவல். கடைசியில் அவளுடைய கணவன் குலவீரசிங்கத்துக்கு, பெயரில் மட்டும் சிங்கமாய் இருக்கிற அந்த நல்ல மனிசனுக்கு, புவாலோனில் மரம் அரிகிற ஆலையில் வேலை கிடைத்து, ஊர்ச்சபைக்குச் சொந்தமான பழைய ரயில் கடவைக் காவல்வீடு வாடகைக்குக் கிடைத்தபோது, யோகமலர் முதல்வேலையாகக் குசினிக் கதவைச் சாத்தினாள், சட்டியை அடுப்பில் வைத்தாள், தாளித வாசத்துக்குள் தனியே நின்று குழந்தை மாதிரி அழுதாள். இனி இந்தக் குசினியை ஒருத்தனுக்கும் விடமாட்டேன் என்று அன்றைக்கே நினைத்துவிட்டாள்.

அந்தக் குசினிக்குள் அவள் அந்த மண்ணையே சமைத்தாள். வசந்தத்தில் ஓடைக்கரையில் காட்டுப்பூண்டு இலை விரிந்தால் அதை அரைத்துச் சம்பல், வேலியோரத்துக் காஞ்சோண்டியைக் கையுறை போட்டுப் பிடுங்கிச் சுண்ட வைத்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை, கோடையில் பூசணிப்பூவைக் கடலைமாவில் தோய்த்துப் பொரியல், இலையுதிர் காலத்தில் மரோன் கொட்டையைக் காயவைத்து இடித்து மாவாக்கிப் புட்டு, பனிக்காலத்தில் லீக்ஸ் தண்டும் மண்ணுக்குள் கிடக்கிற முடிச்சுக் கிழங்கும் போட்டுச் சொதி. அந்தந்த மாதம் அந்த மண் எதைக் கொடுத்ததோ அதை அந்த மாதமே சாப்பிட்டாள். கறிவேப்பிலை மட்டும் பாரிசிலிருந்து வரும்.

பகலில் அவளுக்கு வேலை மிசியே லபோரியின் சாப்பாட்டு விடுதியில். ஊர் மேயரும் அவரே, விடுதி முதலாளியும் அவரே. தோளில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு நகரத்து விருந்தாளிகளின் மேசை மேசையாகப் போய், "இது எங்கள் மண்ணில் விளைந்தது, எங்கள் பருவத்தில் பறித்தது" என்று உருகி உருகிச் சொல்வார். யோகமலர் உள்ளே தோல் உரிக்கலாம், கீரை அலசலாம், காளானைத் தண்ணி படாமல் மெல்லிய தூரிகையால் துடைக்கலாம்; சட்டிக்குள் கரண்டி வைக்க மட்டும் கூடாது. அவள் பெயரை ஊரார் "மதாம் யோகா" என்று கத்தரித்து வைத்திருந்தார்கள். அதற்கே அவளுக்கு எரிச்சல், ஆனால் பொறுத்துக்கொண்டாள்.

வந்த புதிதில் அவள் செய்த ஒரு பிழையையும் சொல்லவேண்டும். ரொட்டி சுட்டு விற்கிற பாண்கடைக்குள் போய், "ஒரு பாண் தாருங்கள்" என்றாள். பாண்கடை மதாம் ஒதெத் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யோகமலர் இன்னொருக்கால் கேட்டாள். ஒதெத் அசையவில்லை. "முதலில் போன்ஜூர், மதாம். இங்கே ஒரு வாசலைத் தாண்டினால் முதலில் போன்ஜூர் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எதிரில் நிற்பவரை மனிதராகவே எண்ணவில்லை என்று அர்த்தம்." வரிசையில் நின்ற சனமெல்லாம் தலையாட்டியது. யோகமலருக்குக் கன்னம் சுட்டது. ஆனால் அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். தபால்காரிக்கு, மருந்துக்கடையில், பஸ்சுக்குள், நாய்க்குக்கூடப் போன்ஜூர் சொல்லப் பழகினாள்.

அதே பாண்கடையில்தான், காளான் முளைத்த அன்று காலை, வேலைக்குப் போகிற வழியில், போன்ஜூர் சொல்லிப் பாணை வாங்கிய கையோடு, அண்டை அயலோடு நாலு வார்த்தை கதைக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், "என் குசினிக்குள் செப் முளைத்திருக்கிறது, அடுப்படியில், நல்ல பெரிது பெரிதாக" என்றாள். ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை, ஒருத்தரும் சிரிக்கவில்லை, எல்லாரும் தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். நம்பவில்லையாக்கும் என்று நினைத்து யோகமலர் வேலைக்குப் போய்விட்டாள். பின்னேரம் வந்து குசினி விளக்கைப் போட்டபோது, ஒரு காளான்கூட இல்லை. வெட்டிய அடிகள் மட்டும் நிலத்தோடு நிலமாக, கூரிய கத்தியால் சீவின சீவலாகத் தெரிந்தன.

மறுநாள் விடியற்காலை புதுக்கூட்டம் முளைத்திருந்தது. அவள் அடுப்பு மூட்டிக்கொண்டு நிற்கையில் பின்கதவு திறந்தது. வேட்டைக்கார வென்சான், ஆறடி ஆள், கையில் பிரம்புக் கூடை, கூடைமேல் காட்டுப் பன்ன இலை. "போன்ஜூர், மிசியே வென்சான்," என்றாள் யோகமலர். அவன் வாய் திறக்கவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. மெல்ல மெல்ல, இலைமேல் நடக்கிறவனாக அடியெடுத்து வந்து, அடுப்படியில் குந்தி, அவளுடைய வலது காலைக் குதிக்காலில் பிடித்து, நோகாமல்தான், மரியாதையோடுதான், ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டு, அந்தக் காலுக்குப் பின்னால் நின்ற காளானை வெட்டிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போனான். யோகமலர் கையில் தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டது.

"விடும், மலர்," என்றார் குலவீரசிங்கம் அன்றைக்குச் சாப்பாட்டில். "ஆலையில சொன்னவங்கள். இந்த ஊரில காளான் இடத்தை ஆரும் வாயால சொல்லுறதில்லையாம். புருசன் பெண்சாதிக்குச் சொல்லமாட்டானாம். சாகக்கிடக்கேக்கதான் காதுக்குள்ள சொல்லுவினமாம். நீர் பாண்கடையில எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டீர். சொன்னால் விட்டுக்குடுத்தது எண்டு அர்த்தமாம். பிறகு அங்க ஆரைக் கண்டாலும் காணாத மாதிரித்தான் நிக்கவேணுமாம். போன்ஜூர் சொன்னால் கண்டது எண்டு ஆகிடுமாம்."

"ஓ! அப்ப நான் ஆர்? நான் என்ன மரக்குத்தியோ?" அவள் அகப்பையை மேசையில் அடித்தாள். "ஆருக்கு வேணும் உந்தக் கண்டறியாத காளான்? ஒரு போன்ஜூர், அப்பா! என்ர குசினிக்குள்ள வந்து, என்ர காலைத் தூக்கி வைச்சுப்போட்டு, ஒரு போன்ஜூர் சொன்னால் வாய் அழுகிப்போமோ அவனுக்கு? என்னைப் பாண்கடையில வைச்சு எத்தினை சனத்துக்கு முன்னால வெக்கப்படுத்தினவள் அவள் ஒதெத்!"

"எங்களுக்கேன் வம்பு," என்றார் சிங்கம், சோற்றைப் பார்த்தபடி.

ஊர் அந்தக் குசினியைக் காடாக ஏற்றுக்கொண்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கோயில் மணி அடிக்கமுன் வென்சான், அடித்த பிறகு ஒதெத், பாண் அடுப்பு ஆறுகிற நேரத்தில் மருந்துக்கடைக்காரர், அவர்களுக்குப் பிறகு தபால்காரி, என்று ஆளாளுக்கு ஒரு நேரம் தானாக அமைந்துவிட்டது, இருவர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் இருவரும் காணாதவர்களாகக் குசினியின் இரண்டு மூலைக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். இளம் காளானை மற்றவர் கண்ணிலிருந்து மறைக்க ஓக் இலைகளைக் கொண்டுவந்து அவளுடைய மிளகாய்த்தூள் தகரப்பேணிகளுக்குப் பின்னால் பரப்பினார்கள். சூடு காளானுக்கு ஆகாது என்று யாரோ வீட்டு வெப்பமூட்டியை நிறுத்திவிட்டுப் போனார்கள், ஈரம் வேண்டும் என்று யாரோ வாளியில் மழைத்தண்ணி கொண்டுவந்து தெளித்தார்கள், கூட்டுகிற தும்புத்தடியைக் கொண்டுபோய் வெளியே வைத்தார்கள். எல்லாவற்றையும் பொறுப்போடும் அன்போடும் செய்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். வேட்டை மும்முரமான கிழமை வென்சான் ஒரு செம்மஞ்சள் அங்கியைக் கொண்டுவந்து அவளுடைய மேலங்கி ஆணியில் தொங்கவிட்டான். காட்டுக்குள் நடமாடுகிறவர்கள் வேட்டைத் துவக்கின் சூடுபட்டுச் சாகாமல் இருக்கப் போடுகிற அங்கி.

"என்ர குசினிக்குள்ள நான் உதைப் போட்டுக்கொண்டு நிக்கவேணுமோ!" என்று யோகமலர் கத்தினாள். ஒதெத் அப்போது கழுவுதொட்டிக்குக் கீழே குனிந்திருந்தாள். காட்டில் ஒரு பறவை கத்தியது என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் கூடையின் பிரம்பு இடுக்குகளால் காளான் தூள் மாவாகத் தரையில் சிந்திக்கொண்டு போனது. பிளாஸ்டிக் பையில் போடுவது பாவம், கூடையில் கொண்டுபோனால்தான் தூள் சிந்தி வழியெல்லாம் முளைக்கும் என்று முன்னொருகால் யோகமலருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவளேதான்.

பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுப் பார்த்தாள், யன்னலால் வந்தார்கள். யன்னலை ஆணியடித்து மூடினாள், ஒருத்தரும் கோபிக்கவில்லை, பாறை விழுந்த பாதையைச் சுற்றிப் போகிற பொறுமையோடு முன்வாசலால் வந்தார்கள். காளானைத் தானே முந்திப் பிடுங்கிவிடலாம் என்று பார்த்தால், அவள் கண்ணயர்கிற நேரம் ஊருக்குத் தெரிந்திருந்தது. அவள் வீட்டில் முளைத்த காளானில் ஒன்றைக்கூட அவள் நாக்கு கண்டதில்லை.

ஒருநாள் விடுதியில் காளான் துடைத்துக்கொண்டிருக்கையில் ஒரு தண்டில் மஞ்சள் கறை இருந்தது. தூரிகையால் தேய்த்தாள், போகவில்லை. மூக்கில் வைத்தாள். மஞ்சள்தூள், போன கிழமை அவள் கைதவறிக் கொட்டின பேணி. வெளியே மண்டபத்தில் லபோரி ஒரு நகரத்துச் சோடிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "எங்கள் காட்டிலிருந்து, இன்று விடியற்காலை, என் கையால்" என்றார். யோகமலர் தூரிகையை எறிந்துவிட்டு மண்டபத்துக்குள்ளே போனாள்.

"போன்ஜூர், மிசியே லபோரி. அது காடு இல்லை. அது என் குசினி."

லபோரி சிரித்தார், பொல்லாத மனிதர் என்று சொல்லமுடியாத ஒரு சிரிப்பு. அவளைக் கதவோரமாகக் கூட்டிக்கொண்டு போய் தணிந்த குரலில் சொன்னார்: "மதாம் யோகா, காளான் முளைக்கிற இடம் காடு. காட்டுக்குக் கதவு கிடையாது. இது இந்த ஊர் வழக்கம், நான் போட்ட சட்டமில்லை. நீங்கள் கஷ்டப்படுவது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் சபையில் பேசி ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கிறோம். உங்களுக்கு நகரத்தில், பேரங்காடிக்குப் பக்கத்தில், புது மாடியில் இடம். எல்லாப் புனிதர் திருநாளுக்கு முன் மாறிவிடலாம். அதற்கு முன் வருகிற எங்கள் ஊர்க் காளான் விழாவில் நானே மேடையில் அறிவிப்பேன்."

"அங்கே குசினி இருக்கிறதா?"

"சுவரோடு இரண்டு மின்னடுப்பு இருக்கிறது," என்றார் லபோரி. "கட்டிலுக்குப் பக்கத்திலேயே. வசதி."

அவள் வீட்டுக்கு நடந்து வந்தாள். மழை தூறியது. குலவீரசிங்கம் செய்தியைக் கேட்டுவிட்டு, "போவம் மலர், அங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பம்" என்றார். அவள் கத்தவில்லை. அவள் கத்தாதது அவருக்குப் பயமாக இருந்தது. "அப்பா," என்றாள் கணவனிடம், "ஒருக்கால் என்ர அடுப்பை அணைச்சவங்கள், போனனான். அவங்கட கையில துவக்கு இருந்தது. இவையின்ர கையில இருக்கிறது கூடை. கூடைக்குப் பயந்து நான் இன்னொருக்கால் என்ர அடுப்பை விட்டிட்டுப் போகமாட்டன். நீங்கள் போறதெண்டால் போங்கோ." குலவீரசிங்கம் எழும்பி, ஓக் இலைகளுக்கு நடுவில் கைவிட்டு, மிளகாய்த்தூள் பேணியை எடுத்து, துடைத்து, அலுமாரித் தட்டில் திரும்ப வைத்தார்.

அடுத்த நாட்களில் அவள் ஒன்றைக் கவனித்தாள். வருகிற ஆட்கள் குறைந்துபோனார்கள். மருந்துக்கடைக்காரர் நின்றார், தபால்காரி நின்றாள், வென்சான் வந்தாலும் அவசரத்தில் ஒன்றிரண்டை வெட்டிக்கொண்டு ஓடினான். பாண் வாங்கப் போனால் ஒதெத்தின் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, என்றைக்கும் திறந்து கிடக்கிற கதவு அது. கதவிடுக்கால் ஈர இலை வாசம் வந்தது, யோகமலரின் மூக்குக்கு இப்போது தன் கைவாசம் மாதிரித் தெரிந்த வாசம். வென்சான் வீட்டு யன்னல் பலகைகள் பகலிலும் மூடிக்கிடந்தன. விடுதியில் லபோரியின் மனைவி மேசைவிரிப்புகளை நிலத்தைத் தொடுகிற நீளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். யோகமலர் விரிப்பொன்றின் நுனியை இலேசாகத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு விட்டாள்.

கூடை! தங்கள் கூடையால் தாங்களே சிந்தின தூள், வீட்டு வாசல்வரைக்கும், வாசலால் உள்ளேயும், குசினி வரைக்கும். ஒருத்தனும் அடுத்தவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் இடம் போய்விடும். ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காடு, ஒவ்வொரு காட்டின் மேலும் ஒரு கம்பளம். அந்த மாதத்தில் முதல்முறையாக யோகமலர் சிரித்தாள். நல்ல சிரிப்பு என்று சொல்லமாட்டேன். "இஞ்சாருங்கோ," என்றாள் கணவனிடம், "எனக்கு ஒரு பிரம்புக் கூடை வேணும். பெரிசு."

காளான் விழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊர்முற்றத்தில் கொடி, பாண்டு வாத்தியம், நகரத்திலிருந்து வந்த கார்கள். மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம் பார்த்து, யோகமலர் ஆணியிலிருந்த செம்மஞ்சள் அங்கியை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டாள். காட்டுக்குப் போகிறவள் போடவேண்டியதுதானே. கூடையை எடுத்தாள், கத்தியை எடுத்தாள். குலவீரசிங்கம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

முதலில் ஒதெத் வீடு. தட்டவில்லை. கதவைத் திறந்து, அடிமேல் அடியெடுத்து, குசினிக்குள் போய், கம்பளத்தைச் சுருட்டி ஒரு பக்கம் வைத்தாள். கீழே என்ன கூட்டம்! ஒதெத் கையில் சூப்புக் கரண்டியோடு எழும்பினாள். "மதாம் யோகா! என்ன இது! போன்ஜூர்கூடச் சொல்லாமல்..." யோகமலர் அவளைப் பார்க்கவில்லை. குந்தி, வெட்டி, கூடைக்குள் வைத்து, பன்ன இலையால் மூடி, வந்த வழியே போனாள். ஒதெத் கரண்டியோடு பின்னால் ஓடிவந்தாள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் கட்டிலுக்குக் கீழே இருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவருடைய மாமியாருக்கு மேலாக எட்டிப் பறித்தாள். வென்சான் வீட்டில் வென்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய வலது காலைக் குதிக்காலில் பிடித்து, நோகாமல்தான், மரியாதையோடுதான், ஒரு பக்கமாக எடுத்து வைத்தாள். அவனுக்கு முகம் செங்கல்லாகச் சிவந்தது. அவன் மட்டும் மறுக்காமல் எழும்பி, அவளுக்குப் பின்னால் நடந்தான்.

விடுதிக்குள் அவள் நுழைந்தபோது பின்னால் பாதி ஊர் வந்துகொண்டிருந்தது. மண்டபம் நிறைய விருந்தாளிகள், நடுமேசையில் லபோரி, தோளில் விழா நாளுக்கான மேயர் பட்டி, கையில் வைன் கோப்பை, அறிவிப்புக்காக எழும்பப்போகிற நேரம். யோகமலர் நேரே நடுமேசைக்குப் போய், மேசைவிரிப்பைத் தூக்கி, லபோரியின் முழங்கால்கள் இரண்டையும் ஒரு செடியை விலக்குகிற மாதிரி விலக்கி, உள்ளே குனிந்தாள். ஊரிலேயே பெரிய செப் அங்கேதான் நின்றது, ஒரு சட்டி மூடியளவு தொப்பி.

"மதாம்!" லபோரி கத்தினார். "இது என் வீடு! இவர்கள் என் விருந்தாளிகள்! ஒரு மரியாதை வேண்டாமா? வெளியே போங்கள்!"

மேசைக்கு அடியிலிருந்து கத்தி அரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது, நடுங்கின குரல், மர ஆலையில் பொறுக்கின பிரெஞ்சு. குலவீரசிங்கம் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிசியே, காளான் முளைக்கிற இடம் காடு," என்றார். "காட்டுக்குக் கதவு இல்லை. இது இந்த ஊர் வழக்கம்."

மண்டபத்தில் ஒரு முள்ளுக்கரண்டி விழுந்தது. ஒதெத் குனிந்து தன் பக்கத்து மேசைவிரிப்பைத் தூக்கினாள், மருந்துக்கடைக்காரர் அடுத்ததைத் தூக்கினார், எல்லா மேசைக்குக் கீழும் காடு. ஒருவர் மற்றவரைப் பார்த்தார்கள், உன் வீட்டிலுமா என்று. வென்சான் கதவு நிலையில் சாய்ந்து நின்று, சத்தமாக, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னான்: "போன்ஜூர், மதாம்." அதோடு இன்னொருவர் சொன்னார், பிறகு இன்னொருவர், ஒதெத் அழுதுகொண்டே சொன்னாள். லபோரியின் மனைவி அவர் கையில் கிள்ளினாள். "போன்ஜூர், மதாம் யோகா," என்றார் லபோரி. மேசைக்கு அடியில் கத்தி அரிந்துகொண்டே இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குலவீரசிங்கத்தைக் கண்ணால் கேட்டு, அவர் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக்கூட்டிச் சொன்னார்: "போன்ஜூர், மதாம் யோ-க-ம-லர்."

யோகமலர் எழும்பினாள். இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்தினாள். லபோரியின் தோளுக்கு மேலாக, யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் கணவனிடம், தமிழில், "ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு. காத்தாக்கும்."

மாடிவீட்டுக் கதையை லபோரி மேடையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் முதலில் தன் விடுதியை அல்லவா காலிபண்ணியிருக்கவேண்டும். யோகமலர் வீட்டுக்கு வந்து, ஓக் இலைகளைக் கூட்டி வெளியே கொட்டி, வெப்பமூட்டியைப் போட்டு, கதவைச் சாத்தி, செப்பைப் பெரிய துண்டுகளாக வெட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் போட்டு, முதலில் தண்ணிப்பாலில் அவியவிட்டு, பிறகு கட்டிப்பால் விட்டு, இறக்கித் தேசிக்காய் பிழிந்தாள். மறுநாள் காலை மரோன் மாப் புட்டு அவித்தாள். இராப் பழசான காளான் கறிக்குத்தான் ருசி.

அவள் தட்டில் புட்டைக் குழைத்து முதல் வாயை வைக்கிற நேரம், பின்கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து யாரும் தட்டாத கதவு.

"போன்ஜூர், மதாம் யோகமலர்," என்றது ஒதெத்தின் குரல். அவளுக்குப் பின்னால் வென்சானின் இருமல், வேறு ஆட்களின் சப்பாத்துச் சத்தம், கூடைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். "நாங்கள் உள்ளே வரலாமா?"

குலவீரசிங்கம் கதிரையிலிருந்து பாதி எழும்பினார். யோகமலர் கையைக் காட்டி அவரை இருத்தினாள். கதவைப் பார்த்து, தமிழிலேயே, நல்ல சத்தமாகச் சொன்னாள்:

"நில்லுங்கோ. நான் சாப்பிடுறன்."

வெளியே மழை தொடங்கியிருந்தது. அவள் கறியில் ஒரு துண்டை எடுத்து, புட்டோடு சேர்த்து, ஆறுதலாக மென்றாள். அவர்கள் நின்றார்கள்.